பிளாக் பே 58 ஸ்டீலா, பெலகோஸ் 39 டைட்டானியமா?

வேளச்சேரிவாசி:

வணக்கம் நண்பர்களே. டியூடர் (சுவிஸ் கம்பெனி) வாட்ச் வாங்க வீட்டில் ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. எந்த டியூடர் என்பதில்தான் இழுபறி. பிளாக் பே 58 ஸ்டீல், பெலகோஸ் 39 டைட்டானியம். இரண்டும் 39 எம்எம், இரண்டும் 200 மீட்டர் ஆழம் தாங்கும், இரண்டும் கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும். தடிமனிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் கடைசியில் உலோகத்தில்தான் வந்து நிற்கிறது.

கடையில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். பெலகோஸ் கையில் இருப்பதே தெரியவில்லை. அது பிடித்ததா, ஏமாற்றமா என்று எனக்கே குழப்பம். இவ்வளவு பணம் கொடுத்தால் கொஞ்சமாவது கனக்க வேண்டாமா? கூட வந்த மனைவி, "என்னங்க இது, அலுமினியக் குண்டான் கலர்ல இருக்கு" என்று விற்பனைப் பையன் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

என் நிலவரம்: தினமும் பைக்கில் ஓஎம்ஆர் போய் வருகிறேன். வியர்வை உடம்பு. கவரிங் மோதிரம், மலிவு பெல்ட் பக்கிள் எது பட்டாலும் தோல் அரிக்கும். வாட்சைப் பெட்டியில் பூட்டி வைக்கிற ஆள் இல்லை, தினமும் கட்டுவேன். ஆனால் கீறல் விழுந்தால் மனசு கேட்காது. டைட்டானியம் கீறவே கீறாது என்கிறார் ஒருவர், தொட்டாலே கீறும் என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

டயல்பித்தன்:

58 எடுங்க ப்ரோ. கறுப்பு டயலில் அந்தப் பொன்னிற முள் இருக்கே, அதுக்கே பணம் கொடுக்கலாம். உலோகம் பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது.

லேத்பட்டறை:

வேளச்சேரி சார், கோவையில் சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். கெமிக்கல் பம்ப் பாகங்கள்தான் பெரும்பாலும். 316எல் என்கிற துருப்பிடிக்காத ஸ்டீலும் (58ல் இருப்பதும் அதுதான்) டைட்டானியமும் தினமும் என் லேத்தில் ஓடுகிறவை. வாட்ச் கட்டுவது பொழுதுபோக்கு. அதனால் உலோகப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கீறல் விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஏனென்றால் இருவரும் வேறு வேறு டைட்டானியத்தைச் சொல்கிறார்கள். கிரேடு 2 என்பது கிட்டத்தட்டச் சுத்த டைட்டானியம். கடினத்தில் 316எல் ஸ்டீலை விட மேல் என்று சொல்ல முடியாது. கிரேடு 5ல் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்திருக்கும். அது நன்றாகவே கடினம். ரோலெக்ஸ் 2023ல் விட்ட டைட்டானியம் யாட்-மாஸ்டர் 42 கிரேடு 5. நீங்கள் பார்த்த பெலகோஸ் 39 கிரேடு 2. ஆகவே அது கீறும். சந்தேகமே வேண்டாம்.

ஆனால் எப்படிக் கீறும் என்பதுதான் முக்கியம். ஸ்டீலில் கீறல் மெல்லிய வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். கிரேடு 2ல் உலோகம் கொஞ்சம் இழுபட்டு, மங்கலான தடமாக நிற்கும். பெலகோஸ் முழுக்க மேட், அதாவது பளபளப்பில்லாத வேலைப்பாடு, அதனால் அந்தத் தடம் மற்ற கோடுகளோடு கலந்துவிடும். 58ன் பக்கவாட்டுகள் கண்ணாடி பாலிஷ். மேசை விளிம்பில் ஒருமுறை உரசினால் போதும், தினமும் உங்கள் கண் அங்கேதான் போகும். உங்கள் சுபாவத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டீலைப் பத்து வருடம் கழித்து நல்ல கையில் கொடுத்தால் பஃப் போட்டுப் புதிதாக்கித் தருவார்கள். டைட்டானியம் பஃப்பில் சூடேறும், சக்கரத்தில் ஒட்டும், நிறம் மாறும். தெரிந்த ஒரு கடையில் என் டைட்டானியம் வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாங்க வரல சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லேத்திலேயே அது படுத்துகிற பாடு எனக்குத் தெரியும். சூடு, சீவி வருகிற உலோகச் சுருளோடு போகாமல் டூல் முனையிலேயே தங்கி, வெட்டுகிற இன்செர்ட்டைத் தின்றுவிடும். சுருளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல்தான். பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். டைட்டானியம் வாட்ச் விலை ஏறுவதில் பாதிக் காரணம் இந்தத் தொல்லை.

வியர்வைக்கு வருகிறேன். 316எல் நல்ல ஸ்டீல்தான், ஆனால் உப்புக்கு எதிரில் அதற்கும் ஒரு எல்லை உண்டு. பின்மூடிக்கும் கேஸ்கெட்டுக்கும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) நடுவில் வியர்வை தேங்கி வருடக்கணக்கில் கழுவாமல் கிடந்தால் குழி விழும். பழைய வாட்சுகளைத் திறந்தால் பார்க்கலாம். டைட்டானியத்தை அந்த உப்பு ஒன்றும் செய்யாது. உப்பு ஜாஸ்தியான திரவத்துக்கு எங்களிடம் டைட்டானியம் பம்ப் கேட்பதே அதற்காகத்தான்.

அரிப்பும் அப்படியே. 316எல்லில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல். அது உலோகத்துக்குள் கெட்டியாகக் கட்டுண்டிருப்பதால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கவரிங்குக்கே அரிக்கிற தோல் என்றால் நான் டைட்டானியம் பக்கம்தான்.

சிங்கைமாமா:

லேத் தம்பி சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. நான் கட்டுவது கிராண்ட் சீகோ ஸ்னோஃப்ளேக், டைட்டானியம். செயினோடு சேர்த்தே 100 கிராம்தான். அது சாதாரண டைட்டானியம் இல்லை, சீகோவின் சொந்தக் கலவை. பளபளவென்று பாலிஷ் ஏறும். டைட்டானியம் என்றாலே சாம்பல் நிறம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். சிட்டிசன் 1970லேயே எக்ஸ்-8 என்று டைட்டானியம் வாட்ச் விட்டவர்கள். ஜப்பான்காரர்களுக்கு இதில் கை பழகி ரொம்ப நாளாகிறது.

கனம் பற்றிச் சொன்னீர்களே, அந்த ஏமாற்றம் எனக்கும் முதலில் இருந்தது. கொஞ்ச நாளில் போய்விடும். இப்போது ஸ்டீல் வாட்ச் கட்டினால் சாயங்காலத்துக்குள் கழற்றத் தோன்றுகிறது. ஏசி அறையில் டைட்டானியம் கையில் சில்லென்று படாது, அதுவும் ஒரு சுகம்.

வேளச்சேரிவாசி:

லேத் அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. அரிப்புதான் என்னைப் பெலகோஸ் பக்கம் தள்ளுகிறது. டைட்டானியம் என்றால் முழுக்க டைட்டானியமா? வாங்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

லேத்பட்டறை:

நல்ல கேள்வி. சில டைட்டானியம் வாட்சுகளில் பின்மூடி மட்டும் ஸ்டீலாக இருக்கும். 42 எம்எம் பெலகோஸில் அப்படித்தான். தோலில் படுவதே அந்த இடம் என்பதால், நீங்கள் எடுக்கிற வாட்சைத் திருப்பிப் பின்மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், கடைக்காரரிடமும் கேளுங்கள்.

அடுத்தது செயின் திருகு. டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் மரை கடித்துக்கொள்ளும், தலையும் சீக்கிரம் தேயும். அதனால் கணு எடுக்கிற வேலையைக் கடையிலேயே, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் கையில் கிடைத்ததை வைத்து முயல வேண்டாம். கிரவுனை (நேரம் மாற்றுகிற பக்கவாட்டுக் குமிழ்) திருகும்போதும் நிதானம். மரை பிடிக்காத மாதிரித் தெரிந்தால் பின்னால் சுற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

பெலகோஸ் 39 க்ளாஸ்ப்பில், அதாவது செயின் கொக்கியில், டி-ஃபிட் என்கிற அளவு மாற்றும் வசதி இருக்கிறது. கருவி இல்லாமலே செயினை 8 எம்எம் வரை கூட்டிக் குறைக்கலாம். மே மாதம் மதியம் பைக்கில் போய் இறங்கும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும் பாருங்கள், அப்போது உலோகத்தை விட அதுதான் உங்களுக்கு உதவும்.

டயல்பித்தன்:

58ல் நீலமும் இருக்கு, சொல்லிட்டேன்.

வேளச்சேரிவாசி:

ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சனிக்கிழமை போய்ப் பின்மூடியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.