கிராம சபையில் பேசியதைத் தீர்மானமாக எழுத வைப்பது எப்படி?

கண்மாய்க்கரை:
கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றிச் சபையில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பிறகு பார்த்தால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அக்டோபர் 2 கூட்டத்துக்குள் என்ன செய்து வைக்கலாம்? கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வரவேண்டியவர்கள்) எத்தனை பேர்? மக்கள்தொகை 2,400.

மினிட்புக்:
உங்கள் ஊருக்கு 100 பேர். (500 வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.) ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்தான் சபை உறுப்பினர். வெளியூர் ஆட்களை உட்கார வைத்து எண்ணிக்கை காட்டினால், தீர்மானத்தை எதிர்ப்பவர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் அறிவிப்பு வரவேண்டும். அதற்கும் முன்பே மனுவைக் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். நகலில் ஊராட்சி செயலரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். தர மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள், ‘கி.ஊ.’ (கிராம ஊராட்சி) என்று போட்டிருப்பவருக்கு அனுப்புங்கள். ‘வ.ஊ.’வுக்கு (வட்டார ஊராட்சி) போனால் மேசை மாறி மாறியே நாள் ஓடிவிடும்.

“ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்து, வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்: “சர்வே எண் இன்னது, அ-பதிவேட்டின்படி கண்மாய்ப் புறம்போக்கு, பரப்பு இவ்வளவு. இதை அளந்து எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றும்படி வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்ள இச்சபை தீர்மானிக்கிறது.” அகற்றும் அதிகாரம் சபைக்கு இருப்பதுபோல எழுதினால், அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

பற்றாளர்:
கையெழுத்து விஷயத்தில்தான் பாதி ஊர் ஏமாறுகிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. கடைசித் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் கீழே கோடு இழுத்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். நூறு நாள் வேலைத்தளத்துக்குக் கையெழுத்து வாங்க நோட்டு முன்கூட்டியே போய்விட்டு வந்திருந்தால், கூட்டத்தைக் கவனிக்க வந்திருக்கும் அலுவலரான பற்றாளரிடம் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானம், வருகைப் பக்கங்கள் இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். வருகைப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வரவு செலவையும் விடவேண்டாம். ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையான படிவம் 30 சபையில் வைக்கப்பட வேண்டியது.

குடவோலை:
கணக்கு என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. வாரியத்தில் (சபையின் குழு) இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு நிற்க முடியாது. இதைக் கிராம சபைக்கே தாய் என்று மேடையில் சொல்வது மட்டும் சரியில்லை. அது பிராமணர் சபை. வயது 35 முதல் 70, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். வாக்காளர் அனைவரும் உட்காரும் இன்றைய சபை 1993-இல் அமலான 73-ஆவது திருத்தத்திலும் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் நிற்பது.

கண்மாய்க்கரை:
நன்றி. கண்மாயின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 31 ஹெக்டேர். அப்படியென்றால் நீர்வளத்துறைக்கு எழுத வேண்டாமா?

மினிட்புக்:
வேண்டாம். 40 ஹெக்டேருக்குக் கீழே ஒன்றியக் கண்மாய். மடை, கரை பராமரிப்பு ஒன்றியத்தின் வேலை. ஆனால் அளப்பது வருவாய்த்துறை. தீர்மான நகல் தாசில்தாருக்கு ஒன்று, பி.டி.ஓ.வுக்கு ஒன்று.