பாங்காக்: வீட்டுக்காரம்மா டிஎம்30 பதியவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம், அவசரமாக ஒரு உதவி வேண்டும். போன மாதம் ஓன் நட் பக்கம் ஒரு காண்டோவுக்குக் குடிவந்தோம். வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடிநுழைவுத் துறைக்கு டிஎம்30 என்ற படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், ஆனால் மூன்று முறை கேட்டும் எங்கள் வீட்டுக்காரம்மா "செய்துவிடலாம்" என்று சிரிப்பதோடு சரி. நல்ல மனுஷி, குடிவந்த அன்றே மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் கொண்டுவந்து கொடுத்தவர். தாய்லாந்துக்காரர்கள் 'கிரெங் ஜை' என்பார்களே, அடுத்தவரைச் சங்கடப்படுத்தத் தயங்குவது, அதை இவ்வளவு மதிக்கும் ஊரில் நான் குரலை உயர்த்தினால் உறவே கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

விசா நீட்டிப்புக்கு சேங் வத்தனாவில் இருக்கும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போது டிஎம்30 பதிந்த ரசீதைக் கேட்பார்களே என்றுதான் தூக்கம் வரவில்லை. உரிமையாளருடைய அடையாள அட்டை நகலும், 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவேட்டின் நகலும் வாங்கிக்கொண்டு வாடகைக்கு இருப்பவரே போய்ப் பதிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாமதத்துக்கான அபராதத்தை யார் கட்டினீர்கள், நீங்களா உரிமையாளரா? அப்புறம், அவர் மனம் நோகாமல் லைன் செயலியில் அனுப்ப, தாய்லாந்து மொழியில் பணிவாக நான்கு வரி யாராவது எழுதித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.