மலையகத்துல வீகனா இருக்கிறது: சனத்துக்கு எப்படி விளங்கவைக்கிறது, சமையல்ல எதை மாத்துறது?

பனிமூட்டம் கேட்டது:

சைவம்னா இங்க யாருக்கும் விளக்கம் தேவையில்ல. வெள்ளி, செவ்வாய், கந்த சஷ்டி, திருவிழாக் காப்புனு மச்சம் தொடாத நாளே வருஷத்துல எத்தனையோ. ஆனா பால், தயிர், நெய், முட்டை, தேனும் வேணாம்னு சொன்னா முகம் மாறிடுது. "வெள்ளைக்காரன் பழக்கம்", "என்ன நோய் வருத்தம்?", "எத்தின நாளைக்கு?" இந்த மூணுல ஒண்ணு நிச்சயம் வரும். எல்லங்கிற ஊர்ல கடைக்காரங்களுக்கு வீகன்னா என்னனு தெரியும், உல்லாசப் பயணிகள் கேட்டுக் கேட்டுப் பழக்கிட்டாங்க. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் அப்படி இல்ல.

தெரிஞ்சவங்க மூணு விஷயம் சொல்லுங்க. கல்யாண வீடு, கோயில் பந்தி, சாப்பாட்டுக் கடையில என்னனு கேக்கணும்? நுவரெலியா குளிர்ல சோயாப்பால் காய்ச்சினா பச்சை வாசம், தேத்தண்ணியில ஊத்தினா திரையுது, கொண்டைக்கடலையும் வேகமாட்டேங்குது, ஏன்? சத்துல எது குறையும்?

---

கொழுந்துக்கூடை:

"எத்தின நாளைக்கு?"னு கேக்கிறது குத்தல் இல்ல. இங்க மச்சத்தை விடுறதுனா விரதம். விரதத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, பின்னால ஒரு சாமி. முடிவும் சாமியும் இல்லாம ஒருத்தர் சாப்பாட்டை ஒதுக்கினா சனத்துக்கு வருத்தம்தான் ஞாபகம் வரும். அதோட, பால் விரதத்துக்கே சுத்தமான பொருள். அபிஷேகத்துக்குப் போற பாலை வேணாம்னா சாமியையே வேணாம்ங்கிற மாதிரி காதுல விழுது. லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) மாடு வச்சிருக்கிற குடும்பத்துக்குப் பால் காசு ஒரு தனி வருமானம். அந்த வாசல்ல நின்னு பால் கொடுமைனு பேசினா அவங்க வயித்துல அடிக்கிற பேச்சு அது. பந்தியில கொள்கை பேசாதீங்க, பொருளைப் பேசுங்க.

"சைவமா?"னு கேக்காதீங்க, எல்லாரும் ஓம்னுதான் சொல்லுவாங்க. "மாசி போட்டிருக்கா? நெய்? பால்? முட்டை?"னு நாலையும் பேர் சொல்லிக் கேளுங்க. மாசிங்கிறது காய வச்ச மீன், ஆனா அதை மீன்னே நினைக்காத ஆட்கள் இருக்காங்க, அதனால அதை முதல்ல கேக்கணும். தேங்காய்ச் சம்பல், கட்டா சம்பல் ரெண்டுலயும் இருக்கும். சில கடையில பருப்புக்குத் தாளிக்கும்போதும் ஒரு கை போடுவாங்க. பருப்பு வடையில ஒண்ணும் இல்ல, ஆனா மீன் கட்லட் பொரிச்ச அதே எண்ணெய். ரோல்ஸ் வெளிப்பூச்சுல முட்டை இருக்கலாம். மரக்கறிக் கொத்து ரொட்டினு சொன்னாலும் முட்டை உடைச்சுப் போடுறது கை பழக்கம், வாசத்துக்குக் கோழிக் குழம்பும் ஊத்துவாங்க. "முட்டையும் குழம்பும் வேணாம், தகட்டைச் சுரண்டிட்டுப் போடுங்க"னு அடிக்க முன்னமே சொல்லணும்.

கோயில் பந்தி உண்மையில லேசு. கறியெல்லாம் தேங்காய்ப்பால்தான். சர்க்கரைப் பொங்கல்ல நெய், மோர், பஞ்சாமிர்தத்துல தேன், இதுகள்தான் கவனம். பாயசம் சவ்வரிசியும் தேங்காய்ப்பாலுமா இருந்தாலும் கஜுவை நெய்யில வறுத்திருப்பாங்க. சமைக்கிறவரிட்ட முதல் நாளே போய், தாளிக்க முன்ன ஒரு சட்டி எடுத்து வைக்கச் சொன்னா வச்சுத் தருவாங்க. இலை போட்ட பிறகு கேட்டா சங்கடம் ரெண்டு பக்கமும்.

இந்தியாவுல இருந்து வர்ற பிஸ்கட்டுல இருக்கிற பச்சைப் புள்ளியை நம்பாதீங்க. அது சைவக் குறி, பால் அதுல அடங்கும். உட்பொருள் பட்டியல்ல பால் மா, மோர்த்தூள், கேசீன் இருக்கானு பார்க்கணும்.

---

சாயத்தண்ணி:

கடலை வேகாததுக்குக் காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீற்றர். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 பாகை இறங்கும். அங்க தண்ணி 94 பாகை கிட்டயே கொதிச்சுடும், அதுக்கு மேல எவ்வளவு விறகு போட்டாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. பிரஷர் குக்கர் இல்லாம முடியாது, அதுலயும் கொழும்புக் கணக்கைவிட ஐந்துல ஒரு பங்கு நேரம் கூட வைங்க. ஒரு கப் கடலைக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு ஊற விடுங்க, அவிக்க முன்ன அந்தத் தண்ணியை ஊத்திடணும். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். முதல்லயே போட்டா தோல் இறுகிடும்.

சோயாப்பாலுக்கு 200 கிராம் சோயா, மொத்தம் ஒன்றரை லீற்றர் தண்ணி. கீழ்நாட்டுல 8 மணித்தியாலம் ஊறினா போதும், நுவரெலியா ராத்திரிக் குளிர்ல 14 வரைக்கும் போகும். ஒரு விதையை ரெண்டாப் பிளந்து உட்பக்கத்தைப் பாருங்க. நடுவுல குழி மாதிரிப் பள்ளமும் கடும் மஞ்சளும் இருந்தா ஊறல, தட்டையா ஒரே நிறமா இருக்கணும். பச்சை வாசம் வர்றது பச்சைத் தண்ணியில அரைக்கிறதால. விதை நசுங்கின உடனே அதுல இருக்கிற நொதியம் கொழுப்போட சேர்ந்து அந்த வாசத்தை உண்டாக்குது. கொதிச்ச தண்ணியை ஊத்தி அரைச்சா நொதியம் அப்பவே செத்துடும்.

வடிச்சு அடுப்புல வச்சா கொஞ்ச நேரத்துல நுரை பொங்கும். அது கொதி இல்ல, 80 பாகை சூட்டுலயே சோயா நுரைச்சு ஏமாத்தும். அங்க இறக்கினவங்களுக்குத்தான் வயித்துப்போக்கு. நுரையை அடக்கி, நெருப்பைக் குறைச்சு, உண்மையாக் கொதிக்கத் தொடங்கினதுல இருந்து 25 நிமிஷம் கிண்டுங்க. சக்கையை வீசாதீங்க, கடலைப் பருப்போட சேர்த்து வடைக்கு நல்லா இருக்கும்.

தேத்தண்ணியில திரையிறதுக்கு மூணு காரணம்: சாயத்தோட (தேயிலை வடிச்ச தண்ணியோட) புளிப்பு, கடும் சூடு, குளிர்ந்த பால். டஸ்ட் தேயிலையை அடுப்புல வச்சுக் காய்ச்சாதீங்க, கொதிதண்ணி ஊத்தி மூணு நிமிஷத்துல வடிங்க. கோப்பையில முதல்ல 50 மில்லி சூடான சோயாப்பால், பிறகு ரெண்டு நிமிஷம் ஆறின சாயம் 100 மில்லி, மெதுவா. தேங்காய்ப்பாலும் இதே முறைதான். முதற்பால் 30 மில்லிக்கு மேல போனா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும்.

---

கீரைக்கட்டு:

சத்து விஷயத்துல புரதத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க. பருப்பு, கௌபி, பயறு, சோயா சாப்பிடுற ஆளுக்கு அது பெரிய பிரச்சினை இல்ல. உண்மையான ஓட்டை பி12. பெரியவங்களுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 2.6, பால் கொடுக்கிற தாய்க்கு 2.8. சைவக்காரங்களுக்கு அதைக் கொடுக்கிறதே பால்தான், ஒரு கோப்பைப் பால்ல ஒரு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதை நிறுத்தினா கீரையோ காளானோ ஈடு செய்யாது. ஈரல் சேமிப்புல வருஷக்கணக்கா ஓடும், அதனால "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலயே"ங்கிறது ஆதாரம் இல்ல. கை கால் விறைப்பு, நாக்கு எரிவு, மறதினு மெதுவா வரும். கீரையில இருக்கிற ஃபோலேட் இரத்தச்சோகையை மறைச்சுடும், நரம்பு பழுதாகிறது மட்டும் உள்ளே நடக்கும். குளிசையே வழி: தினமும் 50 மைக்ரோகிராம், இல்லாட்டி கிழமைக்கு ரெண்டு தடவை 1000. கப்சூல் உறை ஜெலட்டினா இருக்கலாம், அழுத்தின குளிசையாக் கேளுங்க. மெற்ஃபோமின் எடுக்கிற நீரிழிவுக்காரங்களுக்குப் பி12 இன்னும் குறையும், வைத்தியரிட்ட கேட்டு இரத்தம் சோதிக்கணும்.

அடுத்தது இரும்பு. தேத்தண்ணி விளையிற ஊர்ல இதைச் சொன்னா கோபம் வரும்: சோத்தோட தேத்தண்ணி குடிச்சா அதுல இருக்கிற பொருள் கீரை இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியிறது ருசிக்கு மட்டுமில்ல, உயிர்ச்சத்து சி இரும்பை உள்ளே இழுக்கும். நெத்தலிக் கருவாட்டு முள்ளால வந்த கல்சியத்துக்குக் குரக்கன் (கேழ்வரகு), 100 கிராம் மாவுல 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கு. உப்பு அயடீன் சேர்த்ததா இருக்கட்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவுல சோளமும் சோயாவும் மட்டுமில்ல, பால் மாவும் இருக்கு. வேணாம்னா கிளினிக்ல மிட்வைஃபிட்ட வாய் திறந்து சொல்லுங்க. வாங்கிட்டுப் போய் ஒதுக்கி வச்சா பதிவுல நீங்க சாப்பிட்டதாத்தான் இருக்கும்.

---

ஏர்க்கலப்பை:

ஒண்ணு கேக்குறேன். நுவரெலியா லீக்ஸ், கரட், கோவா விளையிறது மூட்டை மூட்டையாக் கொட்டுற கோழி எருவுல. கோழி வேணாம், அது போட்ட எருவுல விளைஞ்சது வேணுமா?

---

கொழுந்துக்கூடை:

நியாயமான கேள்விதான் அண்ணே. எருவுல இருந்து தப்புற மரக்கறி இங்க கிடைக்காது. முடிஞ்ச அளவுக்குத்தான்னு ஒத்துக்கிற வீகனோட யாருக்கும் சண்டை வர்றதில்ல. ஒத்துக்காதவங்களாலதான் மத்தவங்களுக்கும் கெட்ட பேர்.

---

பனிமூட்டம்:

ரொம்ப உதவி. மாசி இல்லாத சம்பல் சப்புனு இருக்கே, அதுக்கு?

---

சாயத்தண்ணி:

சிப்பிக் காளானை மெல்லிசாக் கிழிச்சு வெயில்ல காய வச்சு, எண்ணெய் விடாம சட்டியில முறுக வறுத்துப் பொடிங்க. ஒரு மூடி தேங்காய்த் துருவலுக்கு அந்தப் பொடி ஒரு மேசைக்கரண்டி, வறுத்த எள்ளு ஒரு தேக்கரண்டி, செத்தல் மிளகாய் ஆறு, சின்ன வெங்காயம் ஆறு, உப்பு. மிளகாயையும் உப்பையும் முதல்ல இடிச்சு, பொடியைச் சேர்த்து, தேங்காயைக் கடைசியாப் போடணும். தேசிக்காய் இலையில வச்ச பிறகு. மழைக்காலத்துல காளான் வெயில்ல காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேல பரண்ல ரெண்டு நாள் வைங்க, புகை வாசம் ஏறி இன்னும் மாசிக்குக் கிட்ட வரும்.