புதுப்பிப்பு: யன்னல் கண்ணாடியில இருந்த பழைய டின்ட் கழன்றுவிட்டது

உப்புவெளி வீட்டு யன்னல்களில் ஊதா நிறமாகி, குமிழ் குமிழாப் பொங்கிப்போன டின்ட் ஸ்டிக்கரை எப்படிக் கழற்றுறது எண்டு முந்திக் கேட்டிருந்தன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கடல் பக்க யன்னல்கள் கிழக்குப் பார்த்தவை. அதால காலை வெயிலே பாதி வேலையைச் செய்தது. வெளிப்பக்கக் கண்ணாடியில சவர்க்காரத் தண்ணி தெளிச்சு, கறுப்புப் பொலித்தீனை ஒட்டிவிட்டம். கறுப்பு வெயிலை இழுக்க, கண்ணாடி சூடாகி உள்பக்கப் பசை இளகுது. பிறகு ஒரு மூலையை நகத்தால கிளப்பி, கண்ணாடியோட படியிற மாதிரி மடிச்சு மெல்ல மெல்ல இழுக்கவேணும். அவசரப்பட்டு இழுத்தா மேல்தாள் மட்டும் வரும், பசை சாம்பல் நிறத்தில அப்பிடியே நிக்கும்.

நிண்ட பசைக்கு, பத்திரிகைத் தாளைச் சவர்க்காரத் தண்ணியில நனைச்சு ஒட்டி ஊறவிட்டம். பசை வெள்ளையாகி வழுக்கத் தொடங்கினதும் புது பிளேட்டைச் சரிச்சுப் பிடிச்சு, ஒரே பக்கமாத் தள்ளினா சுருள் சுருளா வருது. கண்ணாடி காய விடாதேங்கோ, கீறல் விழும்.

அமோனியா பாவிக்கச் சொன்ன அண்ணா, அதுவும் வேலை செய்யும்தான். ஆனா வீட்டில வீசிங் உள்ள பிள்ளை இருக்கிறதால தவிர்த்திட்டம். பாவிக்கிற ஆக்கள் கதவு யன்னலைத் திறந்து வையுங்கோ. பிளீச்சோட மட்டும் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

வெயில் படாத குசினி யன்னல் மிச்சம் இருக்கு. அதுக்கு ஹெயார் டிரையர்தான், ஒரே இடத்தில பிடிக்காம அசைச்சு அசைச்சு.