190.5 கட் ஆஃப், பிற்படுத்தப்பட்ட வகுப்பு: கிண்டி, கோவை இடங்களுக்கு உள்ள வாய்ப்பை எப்படிக் கணிப்பது?

கேள்வி: வெண்ணாற்றுக்கரை விவசாயி, நீடாமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே மூன்று ஏக்கர் சாகுபடி செய்து வருகிறேன். என் மகள் இந்த ஆண்டு கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதத்தில் 96, இயற்பியலில் 94, வேதியியலில் 95, உயிரியலில் 93 மதிப்பெண்கள் பெற்றிருக்கிறாள். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியிலும், அதற்குப் பிறகு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தாள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அது இயலாவிட்டால் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்கிறாள். விண்ணப்பம் பதிவு செய்யச் சென்ற இடத்தில், கிண்டியை விருப்பப் பட்டியலில் எழுதுவதே வீண் என்றார்கள். உறவினர் ஒருவரோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டில் நிச்சயம் இடம் கிடைக்கும் என்கிறார். இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை இவள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, வணக்கம். முதலில் 7.5 விழுக்காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் நம்பிக்கை வைத்துவிட்டுக் கலந்தாய்வு நாளில் ஏமாந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்த அந்த ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அரசு உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் சேராது. நம் பகுதியில் ஊருக்கு ஓர் உதவி பெறும் பள்ளி இருப்பதாலும், அங்கும் அரசே சம்பளம் தருவதாலும், பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது மதிப்பெண். பொறியியலுக்குக் கணிதம் முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 96, 47, 47.5 ஆகியவற்றைக் கூட்டினால் 200-க்கு 190.5. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்று ஒப்பிடுவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. 2007-இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பின் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கணித வினாத்தாள் ஓராண்டு எளிதாக அமைந்தால் மாநிலம் முழுவதும் கட் ஆஃப் உயரும். கடினமாக அமைந்தால் இறங்கும். 2021-இல் தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 விழுக்காடு எனக் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். அந்த ஆண்டின் 190-ஐ இந்த ஆண்டின் 190-உடன் எப்படி ஒப்பிட முடியும்?

ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாதது தரவரிசைதான், ஏனெனில் ஒரு கல்லூரியின் ஒரு பிரிவில் உள்ள இடங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. தரவரிசைப் பட்டியல் வெளியாகும்போது உங்கள் மகளுக்குப் பொதுத் தரவரிசை எண் ஒன்றும் வகுப்புவாரித் தரவரிசை எண் ஒன்றும் வரும். பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை கிடைக்கும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, அவற்றோடு மகளின் எண்ணை ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டும் அவளுடைய எண்ணைத் தாண்டி முடிந்திருந்தால் நம்பலாம். ஓராண்டு மட்டும் தாண்டியிருந்தால் அது வெறும் ஆசைதான்.

இட ஒதுக்கீட்டையும் விளக்கிவிடுகிறேன். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் பொதுப்போட்டிக்கு 31 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 18 அல்லது 19 இடங்கள், பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 16 இடங்கள். பொதுப்போட்டி என்பது எல்லா வகுப்பினருக்கும் பொது. உங்கள் வகுப்பில் முன்னணியில் இருப்பவர்கள் பொதுப்போட்டியில் இடம் பெற்றுவிடுவதால், வகுப்புக்குரிய 16 இடங்களும் அவர்களுக்கு அடுத்து நிற்பவர்களுக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் 16-ஆம் எண்ணைத் தாண்டியும் வகுப்புவாரித் தரவரிசை நீள்கிறது.

கிண்டியில் கணினி அறிவியல் 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். 190.5-க்கு அது எட்டாது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கிண்டி என்பது கணினி அறிவியல் மட்டும் அன்று. கட்டடப் பொறியியல், புவித்தகவலியல், சுரங்கவியல், அச்சுத் தொழில்நுட்பம், வேளாண்மை மற்றும் பாசனப் பொறியியல் ஆகியவையும் அங்கே உள்ளன. தமிழ் வழியில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் 2010 முதல் நடத்தப்படுகின்றன. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு; ஆனால் பட்டத்தோடு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தாக வேண்டும். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த பெண் பாசனப் பொறியியலைக் குறைவாக எண்ண வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

பதில் 2: கிண்டி மாணவன், மயிலாடுதுறை

ஐயா, ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விருப்பப் பட்டியலில் கிண்டியை எழுதுவது வீண் என்று சொன்னவர்கள் ஒதுக்கீடு நடைபெறும் முறையை அறியாதவர்கள். கணினி உங்கள் மகளின் முறை வரும்போது அவளுடைய பட்டியலை முதல் வரியிலிருந்து பார்த்து, அவளுக்குரிய இடம் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். மேலே எழுதிய ஐந்து இடங்கள் கிடைக்காததால் ஆறாவது இடத்துக்கான வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. மாறாக, பாதுகாப்புக்காக ஒரு சாதாரணக் கல்லூரியை மேலே வைத்தால், அது கிடைத்தவுடன் கீழே இருக்கும் நல்ல இடங்களைக் கணினி பார்க்கவே பார்க்காது. ஆகவே, கிடைக்குமா என்பதை வைத்து அல்லாமல், எது வேண்டும் என்பதை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். வாய்ப்பைப் பற்றிய கணிப்பு, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யப் பயன்படட்டும்.

கிண்டிக்குக் கீழே குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம், திருச்சியில் உள்ள பல்கலைக்கழக வளாகம், செங்கிப்பட்டியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகள், பட்டுக்கோட்டை, திருக்குவளை உறுப்புக் கல்லூரிகள் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஓர் இடம் ஒதுக்கப்பட்ட பின், அதை ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்கும் காத்திருக்கலாம். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கையில் உள்ளது போகாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மருத்துவம் எனப் பலர் விலகும்போது இடங்கள் காலியாவதை நான் என் சேர்க்கையிலேயே கண்டேன்.

பதில் 3: வேளாண் பட்டதாரி, ஆடுதுறை

வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமும் தரவரிசையும் தனி. அங்கே நான்கு பாடங்களும் தலா 50-க்குக் கணக்கிடப்படுகின்றன. உங்கள் மகளுக்கு 48, 47, 47.5, 46.5 சேர்ந்து 189. இதையும் 190.5-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது எளிது என்று முடிவு செய்ய வேண்டாம்; போட்டியிடும் கூட்டமே வேறு.

எல்லோரும் கோவையையே நினைக்கிறார்கள். மதுரை, திருச்சி, கிள்ளிகுளம், தஞ்சை மாவட்டத்தின் ஈச்சங்கோட்டை, நாகை மாவட்டத்தின் கீழ்வேளூர் ஆகிய இடங்களிலும் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டம் வழங்குவது அதே பல்கலைக்கழகம்தான். நெல்லைப் பற்றிப் படிக்க விரும்பும் பெண்ணுக்கு டெல்டாவிலேயே இருப்பது குறையாகாது. மேலும், இந்தப் பட்டியலில் முன்னால் இருப்பவர்களில் பலர் மருத்துவ இடம் கிடைத்ததும் விலகுவார்கள். முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லை என்று மனம் தளர்ந்து தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிடாதீர்கள்.

வெண்ணாற்றுக்கரை விவசாயி

மூவருக்கும் மிக்க நன்றி. 7.5 விழுக்காடு கிடைக்காது என்பதை இன்றே மகளிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு தானே பழைய ஆண்டுகளின் தரவரிசையை எழுதத் தொடங்கிவிட்டாள். ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. இதே 190.5-ஐப் பலர் பெற்றிருப்பார்களே, அவர்களை எப்படி வரிசைப்படுத்துவார்கள்?

ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

முதலில் கணித மதிப்பெண்ணையும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால்தான் பிறந்த தேதியும், இறுதியாக ரேண்டம் எண்ணும் வரும். கணிதத்தில் 96 இருப்பதால், அதே கட் ஆஃபில் கணிதம் குறைந்தவர்களுக்கு முன்னால் உங்கள் மகள் நிற்பாள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். நடவு வேலை தொடங்கிவிட்டால் உங்களுக்கு அலைய நேரம் இருக்காது.