நைஃப் ஏரி டோரதி: ஜூலையில் நீட்டிய பாட்டிலுக்கு ஜனவரியில் அறுத்த பனிக்கட்டி

துடுப்புக்காரி:
டோரதி மோல்ட்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் "காட்டில் தனியாக இருந்த ரூட் பீர் அம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ரூட் பீர், அதாவது குமிழ் வரும் இனிப்பு பானம், எப்படிச் சாத்தியமானது என்பதை யாரும் எழுதுவதில்லை. அவரைப் புரிந்துகொள்ள அதுதான் வாசல்.

இடம் முதலில். மினசோட்டாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவே நைஃப் ஏரி. நாட்டு எல்லைக்கோடு தண்ணீரின் மேலேயே போகிறது. ஈலி ஊரைத் தாண்டி, மூஸ் ஏரியில் கனூவை (துடுப்புப் படகை) இறக்கினால் சுமார் 15 மைல். நடுவில் ஐந்து போர்ட்டேஜ், அதாவது ஓடத்தையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றி நடந்து கடக்க வேண்டிய தரைவழி. அங்கே "ஐல் ஆஃப் பைன்ஸ்" என்ற சிறு தீவுக்கூட்டத்தில் பில் பெர்க்லண்ட் என்பவர் மீன்பிடி விடுதி நடத்தினார். 1930-இல் சிகாகோவிலிருந்து குடும்பத்தோடு மீன் பிடிக்க வந்தார் டோரதி. நர்ஸ் படிப்பு படித்தவர், வயது 23. 1934-இல் நிரந்தரமாகவே வந்துவிட்டார். 1948-இல் பெர்க்லண்ட் இறந்தபோது விடுதி டோரதி கைக்கு வந்தது. 1986 டிசம்பரில் 79 வயதில் அதே தீவில் இறக்கும்வரை அதுதான் வீடு.

கோடையில் அங்கே கனூ ஒதுங்கியவர்கள் கண்டது இதைத்தான்: உடைந்த துடுப்புகளை நட்டுச் செய்த வேலி, விருந்தினருக்கு வாடகைக்கு விட்ட மரக்குடில்கள், தான் தங்க டோரதி வைத்துக்கொண்ட கூடாரம், கையில் வந்து சேரும் ஜில்லென்ற பாட்டில். ஆண்டுக்கு 7,000 பேர் வரை வந்திருக்கிறார்கள். 11,000 முதல் 12,000 பாட்டில் வரை போயிருக்கிறது. மின்சாரம் கிடையாது. சாலை கிடையாது.

கல்மரம்:
சோடா முதலில் விமானத்தில்தான் வந்தது. தண்ணீரில் இறங்கும் சிறு விமானங்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கும். 1949 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் போட்ட உத்தரவு அந்தக் காட்டின் மேல், கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே பறப்பதைத் தடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் விமான வரத்து நின்றது. தீவில் மிஞ்சியது காலி கண்ணாடி பாட்டில் குவியல். நிரப்பிய பாட்டிலை ஐந்து போர்ட்டேஜ் தூக்குவது நடக்கிற காரியமில்லை. சர்க்கரையையும் ரூட் பீர் வாசனைச் சாற்றையும் தூக்கலாம். தண்ணீர் ஏரியில் இருக்கிறது. அப்படித்தான் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்.

ரூட் பீர் என்றால் சாராயம் என்று நினைக்க வேண்டாம். வேர், பட்டை வாசனையுள்ள இனிப்பு பானம். நம் நன்னாரி சர்பத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி வேறு, வாசனைக் குடும்பம் பக்கத்தில் வரும்.

அந்தக் காலத்து வீட்டு அளவு இது. டோரதியின் கைக்கணக்கு என்று இதைச் சொல்லவில்லை:

ஐந்து கேலனுக்கு (19 லிட்டர்) சாறு 3 அவுன்ஸ் பாட்டில் ஒன்று, சர்க்கரை 4 பவுண்டு (1.8 கிலோ), உலர் ஈஸ்ட் அரை டீஸ்பூன். ஈஸ்டைத் தனியாக ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். விரல் வைத்தால் சுடக்கூடாது. கொதித்த தண்ணீரில் ஈஸ்ட் செத்துவிடும். சர்க்கரையையும் சாற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு ஈஸ்டைச் சேர்த்துக் கலக்கி, உடனே பாட்டிலில் ஊற்றி, மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு மூடி அடிக்க வேண்டும். ஏரித் தண்ணீரை மொண்ட சூட்டோடு, அதாவது மொண்ட குளிரோடு, ஊற்றினால் ஈஸ்ட் தூங்கும். ஒரு வாரம் ஆனாலும் குமிழ் வராது. மூடி அடித்ததும் பாட்டில்களைப் படுக்க வைத்து வெதுவெதுப்பான இடத்தில் 3 முதல் 5 நாள். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பார்க்க வேண்டும். "புஸ்" என்று வந்தால் மொத்தத்தையும் குளிருக்கு மாற்று.

இங்கேதான் விஷயம். குமிழுக்காக ஈஸ்ட் தின்பது அந்தச் சர்க்கரையில் மிகச் சிறு பங்கு. மிச்சமெல்லாம் இனிப்பாக அப்படியே கிடக்கிறது. அதாவது ஈஸ்டுக்குச் சாப்பாடு தீரவே தீராது. குளிர் ஒன்றுதான் அதை நிறுத்தும். வெயிலில் இன்னும் நாலைந்து நாள் கிடந்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு பறப்பது விளையாட்டில்லை. ஐஸ் இல்லாவிட்டால் பாட்டில் சூடாகக் கிடைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், பாட்டிலே மிஞ்சியிருக்காது.

பாட்டிலும் முக்கியம். திருப்பிக் கொடுக்கும் வகைத் தடித்த சோடா பாட்டில் அழுத்தம் தாங்கும். மெல்லிய ஜாடி தாங்காது. குடித்த பாட்டிலை அப்போதே அலசிக் கவிழ்க்க வேண்டும். அடியில் காய்ந்த சர்க்கரை பூசணம் பிடித்தால் பிரஷ் உள்ளே போனாலும் முழுக்கப் போகாது. அடுத்த தடவை அந்த ஒரு பாட்டில் புளிக்கும்.

12 அவுன்ஸ் பாட்டில் என்று கணக்குப் போட்டால் ஒரு தடவை காய்ச்சினால் 53 பாட்டில். 12,000 பாட்டிலுக்கு சுமார் 226 தடவை காய்ச்ச வேண்டும். சர்க்கரை மட்டும் 400 கிலோவுக்கு மேல். அவ்வளவும் காட்டுக்குள் வந்து சேர வேண்டும். நண்பர்கள் கோடையில் வந்து காய்ச்சவும் சுமக்கவும் கைகொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும்.

துடுப்புக்காரி:
@கல்மரம், ஐஸ் பற்றிய உங்கள் வரிக்காகத்தான் இந்தத் திரியே. தொடர்கிறேன்.

ஏரி உறைந்ததும் முதல் வேலை பனித்தூவலை ஒதுக்குவது. மேலே கிடக்கும் தூவல் கம்பளி மாதிரி. அடியில் ஐஸ் தடிக்க விடாது. அறுக்கப்போகும் இடத்தை அடிக்கடி கூட்டி வைத்தால் அங்கே மட்டும் தெளிந்த, கறுப்பாகத் தெரியும் ஐஸ் தடித்து இறங்கும். தூவல் நனைந்து உறைந்த வெள்ளை ஐஸில் காற்று நிறைய. பலமும் குறைவு, கோடைவரை நிற்பதும் குறைவு.

ஓர் அடி தடித்ததும் கோடு கிழித்து, நீளப்பல் ரம்பத்தால் அறுத்து, கடப்பாரையால் தட்டிப் பிரிக்க வேண்டும். முதல் கட்டியை வெளியே இழுப்பதுதான் கஷ்டம். அந்தத் துளை கிடைத்துவிட்டால் மற்றவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டே கரைக்குத் தள்ளலாம். 40 செ.மீ. சதுரம், 30 செ.மீ. தடிமன் என்றால் ஒரு கட்டி 44 கிலோ. இடுக்கியால் பிடித்து, சாய்த்துப் போட்ட பலகைமேல் இழுத்து ஏற்றுவார்கள். தூக்குவதில்லை.

கொட்டகைக்குள் கட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்க வேண்டும். சந்து இருந்தால் ஐஸ் பொடியால் அடைக்க வேண்டும். சுற்றிலும் மேலேயும் ஓர் அடி மரத்தூள். எல்லோரும் மரத்தூளை நினைவு வைத்துக்கொள்வார்கள், வடிகாலை மறப்பார்கள். தரையில் உருட்டு மரம் பரப்பி, உருகும் நீர் வெளியேற வழி விடாவிட்டால் தூள் நனையும். நனைந்த தூள் வெப்பத்தை உள்ளே கடத்தும். ஜூலைக்கு முன்பே அடுக்கு சரிந்துவிடும். கட்டி எடுத்ததும் திறந்த இடத்தைத் தூளால் மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

பனிக்கொக்கு:
ஒரு சந்தேகம். குளிர்காலத்தில் வெளியே போக வர முடிந்ததா, இல்லை ஆறு மாதமும் அடைபட்டுக் கிடந்தாரா?

கல்மரம்:
குளிர்காலம் தடையில்லை தம்பி. நடுக்குளிர்காலத்தில் ஏரிதான் சாலை. ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலப் பட்டை), நாய்வண்டி, பின்னாளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) எல்லாம் அப்போது ஓடின. அடைபடுவது இரண்டு முனைகளில். நவம்பர் வாக்கில் உறையத் தொடங்கும்போது கனூ போகாது, காலும் வைக்க முடியாது. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் உடையும்போதும் அப்படியே. அந்த வாரங்களுக்கு மாவு, மருந்து, மண்ணெண்ணெய் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

நடக்கத் தெளிந்த ஐஸ் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெள்ளை ஐஸ் என்றால் இரட்டிப்பு. ஏரி குறுகி நீரோட்டம் இருக்கும் வாயில் எந்த அளவையும் நம்பக்கூடாது. கரையேறிச் சுற்றிப் போவதே சரி. இன்னொரு ஆபத்து சகதி. கனமான பனித்தூவல் ஐஸை அமுக்க, விரிசல் வழியே தண்ணீர் மேலே வந்து தூவலுக்கடியில் ஒளிந்திருக்கும். கால் நனைந்தால் அந்தக் குளிரில் விரல் போகும். ஈலிக்கு அருகிலுள்ள டவர் என்ற ஊரில்தான் 1996-இல் மைனஸ் 60 ஃபாரன்ஹீட் பதிவானது, மாநிலத்திலேயே மிகக் குறைவு. விறகு அடுக்கு ஏன் வீட்டைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பது அதிலேயே விளங்கும்.

விறகில் ஒரு குறிப்பு. பிர்ச் மரத்தை வெட்டியவுடன் பிளந்துவிட வேண்டும். அதன் பட்டை ஈரத்தை விடாது. உருட்டாகக் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். காயாத விறகை எரித்தால் புகைபோக்கியில் தார் படியும். ஒரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

செவிலி:
டோரதியிடம் போனவர்களில் பலர் பாட்டிலுக்குப் போகவில்லை, சிகிச்சைக்குப் போனார்கள். தூண்டில் முள் குத்தியவர்கள், கோடாரி பட்டவர்கள். பக்கத்து ஆஸ்பத்திரி ஒரு நாள் துடுப்புத் தூரம். கனூ போகிறவங்க முள் எடுக்கத் தெரிஞ்சு வெச்சுக்கணும், அதனால எழுதறேன்.

சின்ன முள், ஆழமில்லாமல் கையிலோ காலிலோ குத்தியிருந்தால் கயிற்று முறை. அரை மீட்டர் வலுவான தூண்டில் நூலை முள்ளின் வளைவில், தோலை ஒட்டிச் சுற்றுங்க. தண்டில் நூல் கட்டும் காது முனையை ஒரு விரலால் தோலோடு அமுக்குங்க. அப்போதான் எதிர்முள் (முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி இருக்கும் கொக்கி) சதையை விடும். அமுக்கினபடியே நூலைத் தண்டுக்கு இணையா ஒரே வெட்டில் இழுங்க. தயங்கித் தயங்கி இழுத்தா எதிர்முள் மறுபடி கொத்தும். முள் பறக்கும், எதிரே யாரும் நிக்கக்கூடாது.

முனை ஏற்கனவே வெளியே வர்ற மாதிரி இருந்தா முன்னோக்கியே தள்ளி, எதிர்முள்ளைக் கட்டரால் வெட்டிட்டுத் தண்டைப் பின்னால் எடுக்கலாம். மூணு முள் சேர்ந்த வகைன்னா மத்த ரெண்டையும் முதல்ல வெட்டிடணும், இல்லாட்டி எடுக்கிறவர் கையிலும் குத்தும். கண், கழுத்து, மூட்டு: தொடவே கூடாது, அசையாம கட்டிக் கூட்டிட்டுப் போங்க. எடுத்த பிறகு சோப்பு போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைப் பாருங்க. கம்பி வெட்டும் கட்டர் இல்லாத முதலுதவிப் பெட்டி கனூ பயணத்துக்கு அரைப் பெட்டிதான்.

டொரொன்டோ வள்ளம்:
1952 இல ஒரு அமெரிக்கப் பத்திரிகை டோரதியை "அமெரிக்காவின் மிகத் தனிமையான பெண்" எண்டு எழுதினது. அது பிழை. தனியா இருந்தவ, தனிமையா இருக்கேல்லை. ஏழாயிரம் பேர் வந்துபோற இடத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

நிலம் போன விதத்தையும் சொல்லவேணும். 1964 காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டத்தோட (Wilderness Act) அந்தப் பகுதியில குடியிருப்பே இருக்கக் கூடாது எண்டானது. வனத்துறை காணியை எடுத்துக்கொண்டு 1975 வரைக்கும் இருக்கலாம் எண்டு விட்டது. சனம் விடேல்லை, கடைசியில ஆயுள் முழுக்க இருக்க அனுமதி கிடைச்சது. பக்கத்து ஓட்டர்ட்ராக் ஏரியில இருந்த பென்னி அம்ப்ரோஸுக்கும் அப்பிடித்தான். 1982 இல அவர் போன பிறகு அந்தக் காட்டில கடைசிக் குடியிருப்பாளர் டோரதிதான்.

அவ இறந்த பிறகு குடில்களைத் தன்னார்வலர்கள் மரம் மரமாய்ப் பிரிச்சு, நாய்வண்டியிலும் ஸ்னோமொபைலிலும் பனிமேல இழுத்து ஈலிக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினவை. 1993 இல அருங்காட்சியகமாத் திறந்தது. துடுப்பு வேலியும் அங்க இருக்கு.

பனிக்கொக்கு:
இப்போது தீவுக்குப் போனால் என்ன இருக்கும்?

டொரொன்டோ வள்ளம்:
கட்டிடம் ஒண்டும் இல்லை. காடு திரும்ப மூடிட்டுது. போறதெண்டால் இந்தப் பாதுகாக்கப்பட்ட காட்டின்ர 25ஆம் நுழைவிடம், மூஸ் ஏரி. மே முதல் செப்டம்பர் வரை கோட்டா உண்டு, அனுமதிச் சீட்டை முன்னமே எடுங்கோ. ஒரு குழுவில ஒன்பது பேர், நாலு வள்ளம், அதுக்கு மேல விடமாட்டினம். சாப்பாடு, குடிபானம் கண்ணாடிப் போத்தலிலையோ தகரத்திலையோ கொண்டுபோகேலாது. கனடாப் பக்கக் கரையில முகாம் போட வேற அனுமதி வேணும்.

போர்ட்டேஜ் நீளம் வரைபடத்தில "ராட்" கணக்கில இருக்கும். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு வள்ளத்து நீளம். நைஃப் ஏரி நீட்டுக்குக் கிடக்கிறதால காத்து எழும்பினால் அலைக்கு ஓட இடம் கிடைச்சு உயரும். விடிய ஆறு மணிக்கே இறங்குங்கோ, கரையை ஒட்டிப் போங்கோ. கரைக் கல் கூர், ஓஜிப்வே மக்கள் அந்த ஏரிக்குக் கத்தி எண்டு பேர் வச்சிருக்கினம். வள்ளத்தைக் கல்லில இழுத்து ஏத்தாமல் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு தூக்குங்கோ.