சங்கத்தானை வீட்டார் குழு: கவினின் பிறந்தநாள்

சுதா: எல்லோருக்கும் வணக்கம். கவினின் பிறந்தநாளுக்கு இந்த முறை ஹோல் எடுக்கவில்லை. ஒஷாவாவுக்குப் புதிதாக வருகிற லக்ரோஸ் ரீமின் ஆட்டத்துக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று நிற்கிறான். யார் யார் வருகிறீர்கள்? தலைக்கணக்குத் தெரிந்தால்தான் ரிக்கெற் எடுக்கலாம்.

பெரியம்மா: சாப்பாடு?

குகன்: உள்ளே விற்பார்கள் மாமி.

பெரியம்மா: பிறந்தநாளுக்குப் பாணுக்குள் வைத்த சொசேஜா

வசந்தி: என்ன ரீம், கிரிக்கெற்றா?

நிரோ: இல்லை சித்தி, தடி நுனியில் வலை இருக்குமே, அது. ஐஸ் ஹொக்கி அரங்கில் ஐசுக்கு மேலே செயற்கைப் புல் விரித்து ஆடுவார்கள்.

ரமேஷ்: சுதா, அது புது ரீம் இல்லை. இங்கே நியூயோர்க் மாநிலத்தில் இருந்த எங்கள் அல்பனி ரீம்.

குகன்: தொடங்கிவிட்டார்

ரமேஷ்: தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1987 முதல் பிலடெல்பியாவில் விங்ஸ் என்று ஆடிய ரீம் இது. 2014இல் கனெக்ரிக்கற்றில் ஒரு கசினோ அரங்கத்துக்குப் போய் நியூ இங்கிலாந்து பிளாக் வுல்வ்ஸ் ஆனது. 2021இல் அல்பனிக்கு வந்து ஃபயர்வுல்வ்ஸ். 2025இல் கனடாவின் ஒஷாவா. எங்களிடம் இருந்தது நான்கே சீசன்.

பெரியம்மா: வாடகை வீடு மாறுகிற மாதிரி

ரமேஷ்: கேளுங்கள் பெரியம்மா. 2023இல் 18 ஆட்டத்தில் 3 மட்டும்தான் வென்றார்கள். எல்லோரும் கைவிட்ட ரீம். அடுத்த வருடமே இறுதிப் போட்டிக்குப் போனது! பஃபலோ ரீம் இரண்டு ஆட்டத்திலும் அடித்துவிட்டது, அது வேறு கதை. அந்த வலை நாலு அடி உயரம்தான். கோலி கவசத்தோடு நின்றால் மூலைகள் மட்டும் தெரியும். அந்த மூலைக்குள் பந்து போகிறபோது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வசந்தி: சுதா, அம்மாவின் சிவப்புக் கூறைச்சேலைப் படம் யாரிடம் இருக்கிறது?

சுதா: பிறகு தேடி அனுப்புகிறேன் அக்கா.

நிரோ: மாமா, டைசன் வில்லியம்ஸ் ஒஷாவாப் பெடியன்தானே. 2023இல் லீக்கின் புது ஆட்டக்காரர் தெரிவில் அல்பனி முதல் ஆளாக எடுத்தது அவரைத்தான். அவர் சொந்த ஊருக்கு வருகிறார், நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?

ரமேஷ்: அழவில்லை. இந்த லீக்கில் ஆடுகிறவர்களில் நிறையப் பேர் தெற்கு ஒன்ராறியோக்காரர்தான். கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள், தீயணைப்பில் வேலை செய்வார்கள், வார இறுதியில் விமானம் ஏறிப் போய் ஆடிவிட்டுத் திரும்புவார்கள். லக்ரோஸ் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. முதலாளியும் கணக்குப் பார்த்திருப்பார். ஆனால் அல்பனிக்கு இது இரண்டாவது தடவை. 2000இல் அற்றாக் என்று ஒரு ரீம் இங்கே வந்தது. 2002 இறுதிப் போட்டி, எங்கள் அரங்கிலேயே, ரொறன்ரோ ரொக் ரீமிடம் 13-12 தோல்வி. ஒரே ஒரு கோல். 2003 முடிய சான் ஹோசேக்குப் போய்விட்டது. கட்டடம் அதேதான், வெளியே பெயர்ப் பலகை மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

குகன்: அதையும் ரொறன்ரோவா அடித்தது? மிக்க நன்றி மச்சான்.

குகன்: ஒஷாவாவைக் குறைத்து நினைக்க வேண்டாம். கிரீன் கேல்ஸ் இளையோர் அணி 1963 முதல் 1969 வரை ஏழு வருடமும் கனடா இளையோர் லக்ரோஸுக்கான மின்ரோ கிண்ணத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கவினின் கோச் வாரா வாரம் சொல்லுவார்.

வசந்தி: வாகனம் விட இடம் இருக்குமா? குளிருக்குள் என்னால் நடக்க முடியாது.

குகன்: நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள் அக்கா

வசந்தி: வரமாட்டேன் என்று நான் சொன்னேனா?

ரமேஷ்: நான் வரவில்லை சுதா. எங்களிடம் இருந்து எடுத்த ரீமுக்கு நான் காசு கொடுத்துக் கை தட்ட முடியாது.

பெரியம்மா: ஸ்காபுரோவை விட்டுவிட்டு அல்பனிக்கு ஓடியது யார்? அம்மா கடைசிவரைக்கும் கேட்டாள்

சுதா: பெரியம்மா, அது இப்போது வேண்டாம்.

ரமேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தி: என்ன அழித்தாய்?

நிரோ: நான் பார்த்துவிட்டேன். சொல்லமாட்டேன்.

குகன்: சரி சரி. போன வருடம் ஹோலுக்குக் கட்டிய முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் ஹோல் பேச்சே வேண்டாம். ஆட்டம்தான்.

பெரியம்மா: என்ன நாள்

சுதா: அநேகமாகச் சனிக்கிழமை பெரியம்மா.

பெரியம்மா: சனி என்றால் நான் மச்சம் இல்லை. சொசேஜும் இல்லை. ரோல்ஸ் செய்து கொண்டுவரட்டா, மரக்கறி போட்டு?

நிரோ: வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் அம்மம்மா

பெரியம்மா: கைப்பையைத் திறந்து பார்ப்பானா

குகன்: பார்ப்பான் மாமி

பெரியம்மா: முதலே வீட்டில் சாப்பிடுவோம். சுதா வீட்டில்.

சுதா: என் வீட்டிலா? எல்லோருமா?

சுதா: மாமா, நான் கவின். அம்மாவின் போனில் எழுதுகிறேன். உங்கள் அல்பனிச் சட்டை இனித் தேவையில்லை என்றால் எனக்குத் தருவீர்களா? இனி அது கடையில் கிடைக்காது.

ரமேஷ்: அது தேவைதான் ராசா.

ரமேஷ்: இரண்டு இருக்கிறது. உனக்கு என்ன அளவு?

குகன்: அப்போ மச்சான் வருகிறார்

ரமேஷ்: தபாலில் அனுப்பலாம்.

சுதா: அண்ணாவையும் சேர்த்து எண்ணவா, விடவா? நாளைக்கு ரிக்கெற் எடுக்கப் போகிறேன்.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லையா